அண்ணி சேர்த்த துரு

தெருவில் போகும்போது மற்றவர்கள் நகைக் கடையைப் பார்ப்பார்கள். என் அண்ணி பழைய இரும்புக் கடையைப் பார்ப்பார். பார்ப்பதோடு நிற்காது. உள்ளே போய் ஒரு கதவுக் கீலை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பழுக்கணும்" என்று வைத்துவிட்டு வருவார். அவருக்காகவே கடைக்காரர் சில சாமான்களை மழையில் போட்டு வைத்திருக்கிறார்.

அண்ணி துணிக்குத் துருவால் சாயம் ஏற்றுகிறவர். வெள்ளைத் துணியை வினிகரில் நனைத்து, துருப்பிடித்த இரும்பின்மேல் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தால் துரு துணிக்குள் இறங்கிவிடும். பிறகு சலவைச் சோடாத் தண்ணீரில் அலசினால் போதும், அது எந்தச் சோப்புக்கும் அசையாது. அந்தக் கறைகளின் ஓரமாகச் சங்கிலித் தையல் போட்டு, துண்டுகளை இணைத்து, அடியில் பஞ்சும் இன்னொரு துணியும் வைத்து, எல்லாவற்றையும் ஓட்டுத் தையலால் பிடித்தால் ஒட்டுப் போர்வை. பேர்தான் போர்வை. யாரும் போர்த்திக்கொள்ளக் கூடாது. ஒரு மதியத் தூக்கத்தில் அண்ணன் காலை மட்டும் மூடிக்கொண்டார் என்பதற்காக அந்த வாரம் முழுக்க அவரோடு பேச்சில்லை.

அண்ணன் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஃபிட்டராக இருந்தார். வேலை நாளெல்லாம் துருவோடு சண்டை. வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியில் அதே எதிரி குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

"வெளியில துருவை ஒழிக்க எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. இங்க உங்க அண்ணி அதுக்குத் தண்ணி தெளிச்சு வளக்கறா" என்று கீழ்வீட்டில் இருக்கும் என்னிடம் வந்து புலம்புவார். அண்ணிக்கு ஓட்டுத் தையல் போட்டுக் கொடுக்கிறவள் நான். ஆகவே இரண்டு பக்கமும் தலையாட்டுவேன்.

சென்ற வருஷம் அண்ணன் ஓய்வு பெற்றார். அதே சமயம் அண்ணிக்கு ஒரு கண்காட்சிக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அதுவரை எங்கள் வீட்டுச் சுவரைத் தவிர வேறெங்கும் அவருடைய வேலை தொங்கியதில்லை. சனிக்கிழமைக்குள் முடித்துக் கொண்டுவந்தால் மாட்டுவோம், இல்லாவிட்டால் அந்தச் சுவர் வேறொருவருக்கு என்று கூடத்தை நடத்தும் அம்மாள் சொல்லிவிட்டார். போர்வையில் ஓரமெல்லாம் முடிந்து, நடுவில் ஒரு பெரிய சதுரம் மட்டும் பாக்கி. அதற்கென்றே ஒரு பல்சக்கரத்தை வெயிலிலும் மழையிலும் போட்டு, பிள்ளையைப் போலப் பார்த்துவந்தார்.

வியாழக்கிழமை அண்ணி சுவரை அளந்துவரப் போனார். அண்ணன் வீட்டில் தனியாக இருந்தார். கை சும்மா இருக்குமா?

சாயங்காலம் திரும்பிவந்த அண்ணியோடு நானும் மாடிக்குப் போனேன். கீல், பூட்டு, ரம்பம், சங்கிலி, பல்சக்கரம் எல்லாம் உயர வரிசையில் நின்றன. எல்லாவற்றிலும் புது சில்வர் பெயிண்ட்.

"எப்படி?" என்றார் அண்ணன், பரிசு கொடுக்கிறவரைப் போல. "கண்காட்சிக்கெல்லாம் போறே, உன் சாமான் இந்த லட்சணத்துல கெடக்கலாமா?"

அண்ணி பல்சக்கரத்தைத் தொட்டார். விரலில் வெள்ளி ஒட்டியது.

"தொடாதே, இன்னும் காயலை."

"ஏங்க, இதையெல்லாம் எதுல ஊறவெச்சீங்க?"

"உன் வினிகர்லதான். துரு என்னமா கழண்டு வருதுங்கறே! இப்பத்தான் அது உருப்படியா ஒரு வேலைக்கு ஆச்சு."

அண்ணி கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் அப்படிப் பழுத்த துருவுக்கு எங்கே போவது?

"ஏய், இவ எதுக்கு அழறா?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார்.

"துரு போச்சுன்னு, அண்ணே."

"துரு போனா யாராச்சும் அழுவாங்களா?"

சமாதானம் செய்யத் தெரியாமல் அவர் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "எனக்கு மட்டும் சும்மாவா வந்துச்சு? முட்டி ரெண்டும் கழண்டுபோச்சு. பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை விரிச்சு, எல்லாத்தையும் ஈரத்தோட அதுமேல வெச்சு, மண்டி போட்டுத் தேச்சேன். அந்த விரிப்பும் பாழ். சோடாவுல ஊறப்போட்டு அடிச்சு அடிச்சுத் துவைக்கறேன், கறை ஒரு பொட்டு நகர மாட்டேங்குது."

அண்ணி சட்டென்று நிமிர்ந்தார். "விரிப்பு எங்க?"

"பக்கெட்ல. பிளீச்சிங் பவுடர் வாங்கியாந்து—"

"அதுல கை வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

இறங்கி ஓடி விரிப்பை அள்ளிவந்து கொடியில் போட்டார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். எல்லாம் அதில் வந்து இறங்கியிருந்தன: பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும், அண்ணன் அழுத்தித் தேய்த்த இடமெல்லாம் செங்கல் நிற மேகங்களும். கீழோரத்தில் மட்டும் கறையே படாத இரண்டு வெள்ளை வட்டங்கள்.

"இது என்ன?"

"நான் மண்டி போட்ட இடம்" என்றார் அண்ணன் பயந்துகொண்டே.

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "எத்தனை தடவை சுத்தியும் எனக்கு இவ்வளவு சுத்தமா ஒரு பல்லுகூட விழுந்ததில்லைங்க."

"நான் அழிக்கத்தானே பாத்தேன்?"

வெள்ளிக்கிழமை முழுக்க நானும் அண்ணியும் தைத்தோம். முட்டியில் தைலம் தடவி, காலை முக்காலியில் நீட்டியபடி அண்ணன் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தார். வட்டங்கள் மேலே வரும்படி அண்ணி துணியைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வெட்டினார். எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் அவர் இல்லை.

சனிக்கிழமை போர்வை சுவரேறியது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வெகுநேரம் அதன் முன்னால் நின்றுவிட்டுத் தன் மனைவியிடம் சொன்னார்: "இரும்புக் காட்டுக்கு மேல ரெண்டு நிலா. என்ன ஒரு ஏக்கம், பாத்தியா!"

அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"நிலாவாமே? ஏம்மா, அது என்னோட—"

"தெரியும். கொஞ்ச நேரம் நிலாவாத்தான் இருக்கட்டுமே, சும்மா வாங்க."

அண்ணன் போய் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, நிலா இரண்டையும் தடவிவிட்டுக்கொண்டார்.