மனிதக் கோடு

எங்கள் ஆய்வுகூடத்தில் பி.சி.ஆர். முடிவு கணினித் திரையில் இரண்டு கோடுகளாக வரும். ஒன்று கொரோனாக் கிருமிக்கு, மற்றது மனிதனுக்கு. பஞ்சுக் குச்சி உண்மையிலேயே ஒரு மனித மூக்குக்குள் போய் வந்திருந்தால், அதில் ஒட்டிய அணுக்களால் அந்த இரண்டாவது கோடு மேலே எழும். எழாவிட்டால், கிருமிக் கோடு படுத்துக் கிடப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நோய் இல்லை என்று எழுதக் கூடாது. மாதிரி போதவில்லை, மறுபடி எடுங்கள் என்றுதான் எழுத வேண்டும். இது எங்கள் வேலையின் அரிச்சுவடி. இதில் பிசகியவர்களை நான் சும்மா விட்டதில்லை, வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். நாங்கள் அதை மனிதக் கோடு என்போம்.

அந்த வருடம் இலங்கையில், கொரோனா என்று முடிவு வந்து இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்பது உத்தரவு. வீட்டில் இறந்தாலும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த பிறகுதான் ஜனாஸாவை, இறந்தவரின் உடலை, எங்களிடம் தருவார்கள். எங்கள் ஆட்களுக்கு மையித்தை எரிப்பது என்பது வாயால் சொல்லவே கூசும் காரியம். ஆறடி மண்ணுக்குக் கீழே போன கிருமி எழுந்து வந்து யாரைப் பிடிக்கப் போகிறது என்று படித்தவர்களிடம் கேட்டேன். உத்தரவு என்றார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மண்ணா நெருப்பா என்பது நான் தட்டச்சு செய்யும் ஒரு சொல்லில் இருந்தது.

சாச்சா, என் வாப்பாவின் தம்பி, திகனப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் இருந்தார். நான்கு நாள் இருமினார். பனிக்குப் பிடித்த சளி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் சாம்பலாகத்தான் வருவேன் என்று அடம்பிடித்தவர், ஒரு நாள் விடிகிற நேரத்தில் மௌத்தானார்.

எங்கள் ஊரில் ஆண்களின் மையித்தைக் குளிப்பாட்டுவது என் நானாதான். எனக்கு மூத்த அண்ணன். சுத்தம் என்றால் அவருக்குப் பைத்தியம். சாப்பிட உட்கார்ந்தால் கழுவிய தட்டை மறுபடி கழுவுவார், உம்மா அதைச் சொல்லியே அவரைக் கேலி செய்வார். கொரோனா என்று வந்துவிட்டால் மையித்துக்குத் தண்ணீர்கூடப் படாது, பைக்குள் போட்டுக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்வதற்கு முன்பே சாச்சாவைக் குளிப்பாட்டிவிட்டார். ஈரத்துணியை விரலில் சுற்றி மூக்கின் உள்ளே துடைப்பது எங்கள் முறை. மூன்று தரம் போதும். நானா மூன்றோடு நிறுத்துகிற ஆள் இல்லை. பிறகு கற்பூரம் தடவிய பஞ்சை வைத்து, கபன் துணி சுற்றி, அதற்குப் பிறகுதான் பரிசோதகருக்குப் போன் எடுத்தார்.

ஜனாஸாவைக் கண்டிக்குக் கொண்டுபோய்ப் பஞ்சை எடுத்துவிட்டுக் குச்சி விட்டார்கள். மாதிரி மதியத்துக்கு முன் எங்களிடம் வந்தது. படிவத்தில் சாச்சாவின் பெயர் இருந்தது. அதற்குள் சாச்சாவின் மனைவி, சாச்சி, எனக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தார். கடைசியாக அவர் கேட்டது இதுதான்:

"மகள், அவர நெருப்புக்கு மட்டும் குடுத்துராதீங்க."

கிருமிக் கோடு அசையவே இல்லை. மனிதக் கோடும் நேரத்துக்கு எழவில்லை. கடைசிச் சுற்றுகளில், நாங்கள் கணக்கில் எடுக்கும் எல்லையைத் தாண்டிய பிறகுதான், அது லேசாகத் தலையைத் தூக்கியது. மூக்கில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. மறுபடி எடுங்கள் என்று எழுதியிருக்க வேண்டும். இன்னும் ஆழமாக விடுவார்கள், தொண்டையிலும் எடுப்பார்கள். நான்கு நாள் இருமியவரைப் பற்றி அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் எழுதினேன், தொற்று இல்லை என்று. நான் குறித்ததை நம்பி டாக்டரும் கையெழுத்துப் போட்டார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சாவை எங்கள் மையவாடியில் அடக்கினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாளில்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் நானாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த முடிவை நம்பாதீர்கள், பதினான்கு நாள் அறைக்குள் இருங்கள், மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள் என்று. சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டி வரும். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடி நிறையக் கனம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரத்தை ஓட்டினேன்.

ஒன்பதாம் நாள் நானாவை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்கு மூன்றாம் நாள் அவர் மௌத்தானார். எரித்தார்கள். குளிப்பாட்ட யாரையும் விடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு பையைக் காட்டினார்கள், அவ்வளவுதான். சில மாதம் கழித்து, புதைக்கலாம் என்று உத்தரவு மாறியது. அந்தச் செய்தியைக் கேட்டு ஊரே அழுதது. எனக்கு அழுகை வரவில்லை.

நானாவுக்கு அது சாச்சாவிடமிருந்துதான் வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை. சந்தையில் வந்திருக்கலாம், பஸ்ஸில் வந்திருக்கலாம். யாருக்கு இருக்கிறது என்றுதான் எங்கள் இயந்திரம் சொல்லும், யாரிடமிருந்து என்று சொல்லாது. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடலாம் என்று பலமுறை பார்த்துவிட்டேன். கண்ணை மூடினால் மனிதக் கோடு வருகிறது. எழாமல் கிடக்கிறது. பக்கத்தில் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற சத்தம் கேட்கிறது. சாச்சி இன்னமும் பார்க்கும்போதெல்லாம் என் கைகளைப் பிடித்து துஆ செய்கிறார். நான் கையை இழுத்துக்கொள்வதில்லை.

நானாவைச் சேர்த்த அன்று அவருடைய மாதிரியையும் நான்தான் ஓட்டினேன். மனிதக் கோடு அழகாக, நேரத்தோடு எழுந்தது. கிருமிக் கோடு அதற்கும் முன்பே எழுந்து நின்றது. சந்தேகத்துக்கே இடமில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வார்டிலிருந்து அவர் அழைத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, சாச்சாட மூக்கத் தொடச்சது நான்தான். அதுல ஒண்டும் மிஞ்சி இருக்காதெண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் நீ இல்லயெண்டு எழுதின தானே."

நான் எழுந்து ஆய்வுகூடக் கதவைச் சாத்தினேன்.

"எனக்கும் அப்பிடி ஒண்டு எழுத ஏலாதா?"

இல்லை என்று எழுதினால் அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றுவார்கள். அங்கே கட்டிலுக்குக் கட்டில் ஒரு முழ இடைவெளிதான். வயதானவர்கள், சீனி வியாதிக்காரர்கள், நேற்று ஆப்பரேஷன் செய்தவர்கள். அவர்களுக்கும் நானாக்கள் இருந்தார்கள்.

"ரிப்போட் போய்ட்டு நானா," என்றேன்.

"போய்ட்டா," என்றார். "அப்ப சரி."

ரிப்போர்ட் போகவில்லை. என் முன்னால் திரையில்தான் இருந்தது. அவர் போனை வைத்த பிறகுதான் அனுப்பினேன்.