சின்னம்மா ஏறாத கார்

சுறா எண்ணெயின் நெடி ஒருமுறை துணியில் பிடித்துவிட்டால் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் போகாது; ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நாங்கள் உடுத்திக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டைகளுக்கும் முன்னே அந்த நெடிதான் கோயிலுக்குள் நுழையும். ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்தொழில் செய்த எங்கள் அப்பா, வள்ளத்துக்குப் பூசுகிற அதே எண்ணெயைத்தான் நாங்கள் "ஏ-போட்டி" என்கிற தன்னுடைய பழைய ஏ-40 காரின் அடிப்பக்கம் முழுவதும் பூசுவார். உப்புக்காற்று தகரத்தைத் தின்னாமலிருக்க அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

"சம்மாட்டியார், உது றோட்டிலை ஓடுறதோ, கடலிலை ஓடுறதோ?" என்று, சொந்த வள்ளம் வைத்திருந்த அப்பாவை ஒழுங்கையால் போகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

"உப்புக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்பார் அப்பா, காருக்குக் கீழே கிடந்தபடியே.

குசினிக்குள் இருந்து அம்மா விடமாட்டா. "என்ரை தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் வாங்கித் தந்த மனிசனில்லை. அந்தக் கிழட்டுத் தகரத்துக்குப் போத்தில் போத்திலாய் ஊத்துறார்!"

பெற்றோல் கிடைக்காத காலம் வந்தபோது அப்பா காரை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார். வள்ளத்து எஞ்சினில் செய்து பழகிய வேலைதான். பெற்றோலுக்கு ஒரு சின்னத் தகரம், மண்ணெண்ணெய்க்கு ஒரு பெரிய தகரம், இரண்டுக்கும் நடுவே ஒரு பித்தளைத் திருகு. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பிக் கொஞ்சநேரம் ஓடவிடவேண்டும். "கார் படுக்கேக்கை கடைசி மிடறு பெற்றோலாய் இருக்கோணும். இல்லாட்டி எழும்பாது" என்பார். எங்கள் ஒழுங்கையில் வேறு கார் இல்லாததால், வயிற்றுவலிக்காரரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் பண்ணைப் பாலம் தாண்டிப் பட்டணத்து ஆசுப்பத்திரிக்குப் போனது அதிலேதான்.

அந்த நாளில் மாதா செபத்துக்குக் கோயிலில் பின்னேரத் திருந்தாதி மணி அடித்தால் ஊரே அப்படியப்படியே நிற்கும். கிழிந்த வலை பொத்துகிற கை நிற்கும், சண்டை பிடிக்கிற வாய் நிற்கும். அன்றைக்கு அப்பா சந்தையால் வந்து எங்கள் வாசல் படலைக்குள் காரைத் திருப்பும்போது மணி அடித்தது. எஞ்சின் இரைச்சலோடு மாதாவைக் கும்பிடுவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. அந்த இடத்திலேயே காரை நிறுத்தி, இறங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டுச் செபம் சொன்னார். திருகு மண்ணெண்ணெய்ப் பக்கமே கிடந்ததை மறந்துபோனார்.

கார் குளிர்ந்து, நாங்கள் செபமாலையும் சொல்லி முடித்த நேரத்தில்தான் சின்னம்மா வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. அம்மாவின் தங்கை அவ, வயிற்றில் தலைப்பிள்ளை, மாதம் நிறையுமுன்னரே இரத்தம் போகிறதாம். அப்பா கார்த் திறப்பைப் போட்டுத் திருப்பினார். கார் இருமியது, எழும்பவில்லை. ஒழுங்கை முழுவதும் திரண்டு தள்ளியது. வெள்ளைப் புகைதான் வந்தது. அதற்குள் யாரோ உழவு மெசின் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து, அதன் பின்பெட்டியில் பாய் விரித்துச் சின்னம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சின்னம்மா பிழைத்தா. பிள்ளை பிழைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, அப்பா கோயில் வாசலில் சுவாமியாரிடம் கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. "சாமி, நான் மணிக்கு நிண்டது பிழையோ?"

"மணிக்கு நிண்டது பிழையில்லை. மறக்கிறது மனிசக் குணம். கடவுள் உம்மட்டைக் கணக்குக் கேக்கமாட்டார்."

"கடவுள் கேக்கமாட்டார் சாமி. அவள் கேட்டாலாவது நல்லம்" என்றார் அப்பா.

சின்னம்மா கேட்கவேயில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தா, அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா, அதைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. திட்டியிருந்தால் அப்பா ஆறியிருப்பார். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர், வாயால் கேட்கத் தெரியாமல் காரிலே கையை வைத்தார். திருகைக் கழற்றி, அதைத் தொடாமல் திறப்பைத் தொட ஏலாதபடி திறப்புக்கு முன்னாலேயே பூட்டினார். பின் சீற்றைப் பிரித்துப் புதுத் தென்னந்தும்பு அடைத்து, ஒரு பொம்பிளை காலை நீட்டிப் படுக்கத்தக்கதாய் அகட்டினார். பிடித்துக்கொள்ள மேலே ஒரு தோல்வார் தைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்ராட் பண்ணிப் பார்ப்பார். அந்த வேலையெல்லாம் யாருக்காக என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சின்னம்மா மறுபடி உண்டானபோது அப்பா காரைக் கழுவிக்கொண்டு போய் அவவின் படலையில் நிறுத்தினார்.

"பிள்ளை, கார் நிக்குது. எந்த நேரமெண்டாலும் சொல்லு."

"ஓம் அத்தான்."

அவ்வளவுதான். பேறுக்கு ஒரு மாதம் முன்னரே சின்னம்மா பஸ் ஏறிப் பட்டணத்து உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டா. அந்தப் புதுச் சீற்றில் அவ ஒருநாளும் இருந்ததில்லை.

பிறகு சண்டை வந்து ஊரே வள்ளங்களில் ஏறியது. கார் வள்ளத்தில் ஏறாது. பல வருசம் கழித்துத் திரும்பி வந்தபோது கார் நின்ற கொட்டிலும் இல்லை, காரும் இல்லை, ஒரு சுரையாணிகூட இல்லை. அப்பா வெறும் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து, "தேவசித்தம்" என்று மட்டும் சொன்னார். அவரும் போய்விட்டார். இன்றைக்கு வலி என்றால் போன் எடுக்க அம்புலன்ஸ் வருகிறது, ஆண்டவருக்குத் தோத்திரம். திருந்தாதிக்கு மணி அடிக்கத்தான் செய்கிறது, மோட்டார் சைக்கிள்கள் நிற்பதில்லை.

போன ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சின்னம்மாவைக் கைபிடித்துச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளையை அடக்கிய இடம் மணலில் அடையாளமில்லாமல் போய்விட்டது. இங்கேதான் என்று மட்டுக்கட்டி ஒரு இடத்தில் மெழுகுதிரி கொளுத்தினா. பிறகு அப்பாவின் கல்லறைக்கு வந்தா.

"அத்தான் காத்திருந்தவர் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. கோவமில்லை. வாயைத் திறந்தால் அழுதுபோடுவன் எண்டுதான் கதைக்கேல்லை."

"இப்ப சொல்லுங்கோவன் சின்னம்மா" என்றேன்.

கல்லறையைப் பார்த்து, "அத்தான்" என்று கூப்பிட்டா. அதற்குமேல் அன்றைக்கும் அவவுக்கு வாய் வரவில்லை.