நூறு சதவீதம் சக்கை

குவைத்தில் ஒன்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு அருமனைக்கு மூன்று மாத விடுப்பில் வந்தபோதே எனக்குத் திரும்பிப் போக மனமில்லை. மகள் ஏழாம் வகுப்பு. அவளை நான் வளர்த்ததெல்லாம் போனில்தான். விடுப்பு முடிவதற்குள் ஊரிலேயே ஒரு பிழைப்பைப் பிடித்துவிட வேண்டும் என்று சக்கை வறுவல் போட ஆரம்பித்தேன். சக்கை என்றால் எங்களுக்குப் பலா. வீட்டைச் சுற்றி மூன்று மரம் நிற்கிறது, கைப்பக்குவமும் உண்டு. விற்கத்தான் தெரியாது.

அதற்காக, சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஒன்றைத் தேடி மார்த்தாண்டத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரிக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். நான் மேடம் என்றேன், அக்கா என்று கூப்பிடச் சொன்னார். லைசென்சுக்கு வழி காட்டினார். சென்னையில் ஒரு கடையில் பேசி ஐம்பது பாக்கெட் வைக்கச் சம்மதம் வாங்கினார். விற்றால் தொடர்ந்து எடுப்பார்களாம். லேபிளில் பெரிதாக என்ன போடுவது என்று நான் குழம்பியபோது, "கலப்படம் இல்லேண்ணு மொதல்லயே சொல்லிரணும் மக்கா" என்றார். அப்படித்தான் 'நூறு சதவீதம் சக்கை' என்று அச்சடித்தோம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்று வாரத்தில் நாலு பாக்கெட் விற்றது. உப்பைச் சந்தேகப்பட்டேன், எண்ணெயைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் கடைக்காரரையே சந்தேகப்பட்டேன். கோபத்தோடு அக்காவின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கடைக்காரரைப் போனில் கூப்பிட வைத்தேன். ஸ்பீக்கரில் கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இங்க சக்கைன்னா கரும்பைப் பிழிஞ்சிட்டுத் தூக்கிப் போடுறது. அதுல நூறு சதவீதம்னு வேற போட்டிருக்கீங்க. ஜனங்க சிரிச்சிட்டுப் போயிடறாங்க."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கரும்புச் சக்கை என்று நாங்களும் சொல்கிறவர்கள்தான். பாக்கெட்டைப் பார்த்தபோது இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

"எனக்க தப்புதான் மக்கா. பலாண்ணு மாத்திருவமா?" என்றார் அக்கா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பலாண்ணு போட்டா வேற யாரோ செஞ்சது மாதிரி இருக்கும்க்கா. சக்கைண்ணே இருக்கட்டும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ அந்த ஊர்க்காரவியளுக்குச் சொல்லிக் குடுப்போம், கேட்டியா" என்றவர், ஒரு பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டிக் கல்லாப் பக்கத்தில் வைக்கும்படி கடைக்காரரிடம் சொன்னார். மீதிப் பாக்கெட்டுகளில் ஒட்டச் சின்னத் தாள் ஒன்றை அச்சடித்து அனுப்பினோம்: 'எங்கள் ஊரில் பலாவுக்குச் சக்கை என்று பேர். தின்று பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.'

பத்து நாளில் எல்லாம் தீர்ந்தது. "உங்க சக்கை எப்ப வரும்னு கேக்குறாங்க" என்று கடைக்காரர் சிரிக்காமல் சொன்னார். அடுத்து நூறு பாக்கெட் வேண்டுமாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த, குவைத்துக்குக் கொண்டுபோகும் பெட்டியை இழுத்து அதிலேயே அடுக்கி வாசலில் வைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பெட்டியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இண்ணைக்கே போறியாம்மா?"

"நான் போகல்ல மக்கா. சக்கைதான் போவுது."

அவள் நம்பவில்லை. பெட்டியைத் திறந்து அடிவரை கைவிட்டுத் துழாவினாள். என் துணி ஒன்றுகூட அதில் இல்லை.