அப்பா ஏற்றிய கைதட்டல்

அப்பா போய்ப் பதினோரு நாள் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வேலையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. வேலையைப் பற்றி அல்லாமல் அவர் அதிகம் பேசியதில்லை.

தொலைக்காட்சி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் ஒலி பார்த்தார். அங்கே அவருக்குப் பெயர் 'காது'. அம்மா சலித்துக்கொள்வாள்: "ரெண்டு ரூம் தள்ளி பிஸ்கட் டப்பாவைத் திறந்தா, திறந்தது யாருன்னு சொல்லிடுவார். இந்த மனுஷனை வச்சுக்கிட்டு நிம்மதியா ஒரு தும்மல் போட முடியாது."

வாரந்தோறும் ஒரு பாட்டுப் போட்டி நடக்கும். நடுவர் கிடையாது. பாடி முடித்ததும் அரங்கில் இருக்கும் இருநூறு பேர் கைதட்டுவார்கள். மேடையில் ஒரு பெரிய வட்டத்தில் முள் ஏறும். எழுபதைத் தாண்டினால் அடுத்த சுற்று. ஆள் பொய் சொன்னாலும் முள் சொல்லாது என்று எல்லோரும் நம்பினார்கள். பார்வையாளர் தலைக்கு மேல் நான்கு மைக் தொங்கும். அவற்றின் அளவை ஏற்றி இறக்கும் குமிழ் அப்பாவின் மேசையில் இருந்தது.

எனக்குப் பத்தொன்பது வயதான அந்த வருடம் போட்டிக்கு ஒரு அக்கரைக்காரி வந்தார். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். இரு நாட்டுக்கும் நடந்த சண்டை நான் பிறக்கும் முன்பே முடிந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் தங்கிவிட்டது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிறவர், நாற்பது வயதுக்காரர். அவர் பாடியபோது அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெறும் காதால் கேட்டாராம். பாட்டு முடிந்ததும் இருமல் சத்தம் கேட்டது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள். முள் முப்பத்தாறுக்கு வந்தது.

அப்பா குமிழை ஒரு விரல் அகலம் மேலே தள்ளினார். அது ஆறு டெசிபல்; ஆறு டெசிபல் ஏறினால் அளவு இரண்டு மடங்கு. தொழிற்சாலைகளில் இரைச்சல் அளப்பது இன்று என் தொழில், அதனால் இந்தக் கணக்கு தெரியும். முள் எழுபத்திரண்டில் நின்றது. ஒவ்வொருவரும் பின்வரிசைக்காரன் தட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். நான்கு சுற்றும் இப்படியே போயிற்று.

இறுதிச் சுற்று திறந்த மைதானத்தில், ஆறாயிரம் பேர் முன்னால், நேரலையாக. முள்ளை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தின் சத்தத்தை ஒளிபரப்பில் சேர்க்கும் வேலை மட்டும் அப்பாவுக்கு. பாடகி தன் அம்மாவை அக்கரையிலிருந்து வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். "இங்க இருக்கறவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கு" என்று முந்தின நாள் பேட்டியில் சொன்னார்.

நானும் கல்லூரித் தோழிகளோடு போயிருந்தேன். இடது ஓரத்தில், தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றோம்.

அவர் வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "படகு வந்துருச்சு, ஏத்தி விடுங்கப்பா."

சிரிப்பு. "போர்வையை மடிச்சாச்சுல்ல, பெட்டியையும் மடிச்சுக்கிட்டு கெளம்பும்மா." அதற்கும் சிரிப்பு. பிறகு "திரும்பிப் போ, திரும்பிப் போ" என்று தாளம் போட ஆரம்பித்தார்கள்.

தோழி என் இடுப்பில் இடித்தாள். "என்னடி, வாயைத் தைச்சு வச்சிருக்கியா?"

நானும் கத்தினேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கத்துவது நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் இரண்டு வரி பாடிப் பார்த்தார். பிறகு மைக்கைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு இறங்கி, அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் அப்பா சாப்பிடவில்லை. குமிழ் விஷயத்தை அன்றுதான் எங்களிடம் சொன்னார். "அவங்களை அங்க கொண்டுபோய் நிறுத்தினது நான்தான். முதல் நாளே முப்பத்தாறுன்னு காட்டியிருந்தா வீட்டுக்குப் போயிருப்பாங்க. பெத்தவ இதைப் பார்த்திருக்க மாட்டா."

"நல்லதுதானே நெனச்சீங்க" என்றாள் அம்மா.

"நெனச்சது நல்லது. செஞ்சது பொய்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எங்கம்மா நின்னே?"

"ரொம்பப் பின்னாடிப்பா. சரியா எதுவும் கேட்கல."

என்னைப் பார்த்தார். தொடாத தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். படித்து வேலைக்குப் போன பிறகு, அந்த நிகழ்ச்சியின் மைக் வரைபடம் ஒருமுறை என் கைக்கு வந்தது. கூட்டத்தின் சத்தத்தை அப்பாவின் ஹெட்ஃபோனுக்குக் கொண்டுபோக ஆறு மைக். அதில் ஒன்று இடது ஓரக் கம்பியில். எங்களுக்கு மூன்றடி தூரம்.

ஒரு வாரம் கழித்து அப்பா சலவைப் பிரிவுக்கே போய்ப் பாடகியிடம் உண்மையைச் சொன்னார். அவர் கையை நிறுத்தாமல் இரண்டு போர்வை மடித்தாராம். "அப்போ முப்பத்தாறு நிஜமா?"

"நிஜம்தாங்க."

"அந்த முப்பத்தாறையாவது என்கிட்ட விட்டு வச்சிருக்கலாமே நீங்க."

அப்பா செய்திப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே கைதட்ட ஆள் கிடையாது.

அவர் உண்மையைச் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். என் உண்மையைச் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருடம் இருந்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்தேன். "என்னமோ சொல்ல வந்தியே?" என்றார். தலையணை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

அவரிடம் இனி சொல்ல முடியாது. இன்னொருவரிடம் சொல்லலாம் என்று நேற்று அந்தச் சலவைப் பிரிவுக்குப் போனேன். நீராவி, நீளமான மேசை, இரண்டு பெண்கள் போர்வையின் நுனிகளைப் பிடித்து எதிரெதிரே நடந்துகொண்டிருந்தார்கள். பாடகியைப் பற்றி விசாரித்தேன்.

"அவங்க ரிட்டயர் ஆகி அக்கரைக்கே போயிட்டாங்களே, மூணு வருஷமாச்சு" என்றாள் ஒருத்தி. "அட்ரஸ் எதுவும் இல்ல. நீங்க சொந்தமா?"

"இல்லீங்க. அவங்க பாடிக் கேட்டிருக்கேன்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "பாடுவாங்களா அவங்க? பன்னெண்டு வருஷம் எதிர்ல நின்னு மடிச்சிருக்கேன். ஒரு முணுமுணுப்பு கூடக் கேட்டதில்லையே."