சித்தப்பா பத்தடி பின்னால்

சித்தப்பா மாதிரி வீட்டுக்குள் நடந்து காட்டினால் அப்பாவிடம் எனக்கு ஒரு ஐஸ்கிரீம் கிடைக்கும். பாலக்கரை கடைத்தெருவில் நடந்து காட்டினால் இரண்டு. ஒன்பது வயதிலேயே நான் பிழைக்கத் தெரிந்தவன்.

சித்தப்பாவுக்குக் குரல் மெலிசு, நடையில் ஒரு நளினம். ஆள் கைலாசபுரத்தில் வெல்டர். இரண்டு பெண் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சித்தியோடு சினிமா. இதெல்லாம் அப்பாவுக்குப் போதவில்லை. பெண்ணாக மாறினவர்கள், ஆண் மேல் ஆசைப்படும் ஆண்கள், மெல்லப் பேசுகிறவர்கள் எல்லோரையும் அவர் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘ஒரு மாதிரி’ என்று பெயர் வைத்திருந்தார். அந்த மூட்டையில் முதல் ஆள் அவருடைய சொந்தத் தம்பி.

அம்மாவின் தம்பி, என் மாமா, நேர் எதிர். ஜிம் உடம்பு, முறுக்கிய மீசை. எடமலைப்பட்டி புதூரில் ஒரு நண்பரோடு சேர்ந்து செல்போன் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே ஒரு ரூமில் இரண்டு பேரும் ஆறு வருஷமாக ஒன்றாக இருந்தார்கள். நட்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அப்பா ஊருக்கே பாடம் எடுப்பார்.

அந்த மாமாவுக்குப் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். கோயிலில் தற்செயலாகச் சந்தித்தது போலப் பார்த்துக்கொள்வதுதானே எங்கள் பக்க வழக்கம். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள், பகல் பத்தின் கடைசி நாள், பெருமாள் மோகினி அலங்காரத்தில் வரும் நாள், ஸ்ரீரங்கம். லட்சம் பேர் கூடுகிற இடத்தில் தற்செயலாகச் சந்திக்க எங்கள் அப்பாவால்தான் முடியும்.

சித்தப்பா ஒரு வருஷம்கூட அந்தச் சேவையை விட்டதில்லை. வராதே என்று சொல்ல முடியாமல், பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“பொண்ணு வீட்டுக்காரங்க போற வரைக்கும் நீ எங்க ஆளு இல்ல. பத்தடி பின்னாலயே வா. உன்னப் பாத்தா மாப்பிள்ளையும் ஒரு மாதிரின்னு நெனச்சுருவாங்க.”

சித்தப்பா சரி என்று தலையாட்டினார். அவர் பத்தடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. போலீஸ்காரன் மாதிரி முன்னும் பின்னும் ஓடினேன். நடுவில் சும்மா இருக்க முடியாமல் அவர் முன்னாலேயே அவர் நடையை நடந்து காட்டினேன். அவர் கோபப்படவில்லை. “இடுப்புல வருதுடா உனக்கு. எனக்குத் தோள்லேர்ந்து வரும்” என்று திருத்தினார்.

கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டே மண்டபத்துக்குள் கொண்டுபோனது. கூடவே வந்திருந்த மாமாவின் நண்பர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஒரு கையால் என் காலைப் பிடித்திருந்தார், இன்னொரு கையால் மாமாவின் கையை. மேலேயிருந்து பார்த்தேன். பெருமாள் சேலை கட்டி, நகை பூட்டி, ஒரு பெண்ணாக ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தார். ஜனம் கையைத் தூக்கிக் கத்தியது, அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“ஏம்ப்பா, பெருமாள மட்டும் யாரும் கிண்டல் பண்ண மாட்டீங்களா?” என்று கத்தினேன். அப்பா என் தொடையில் கிள்ளினார். பத்தடி பின்னால் சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

வெளியே வந்ததும் பெண் வீட்டார் தற்செயலாக எதிரே வந்தார்கள். பெண் தலை நிமிரவில்லை. பெண்ணின் அப்பா விசாரித்த முதல் விஷயமே, குடும்பத்தில் யாரோ ஒருவர் நடை சரியில்லாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டோமே என்பதுதான். அப்படி யாருமே இல்லை என்று அப்பா கோயில் வாசலிலேயே பொய் சொன்னார். பிறகு அந்தப் பெரியவர் என் முழங்காலைத் தட்டி, மாமாவுக்கு இந்த அக்காவைக் கட்டிவைக்கலாமா என்று கேட்டார்.

நான் தோள் மேலிருந்தபடியே பதில் சொன்னேன். “மாமாவுக்கு எதுக்குப் பொண்ணு? அதான் இவரு இருக்காருல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குத்தான் ரொம்பப் பிடித்துவிட்டது. இப்படி ஒற்றுமையாக இருக்கிற பையனை நம்பிப் பெண்ணைக் கொடுக்கலாம் என்றார். இரண்டே பேர் சிரிக்கவில்லை. மாமாவின் கையைப் பிடித்திருந்த கை மெல்ல விலகி என் இன்னொரு காலைப் பிடித்தது.

பெண் வீட்டார் விடைபெற்றுத் திரும்பிய அந்த நிமிஷம், சித்தப்பா பத்தடியைத் தாண்டினார். என் காவல் தோற்றது. நளினமாக நடந்து அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

“கூட்டம் ஜாஸ்தி தம்பி. கைய விட்றாதீங்க.”

மறுநாள் மாமா அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா கிட்டே வந்ததைப் பெண் வீட்டார் பார்த்திருப்பார்கள், அதுதான் சகுனம் கெட்டது என்று அப்பா சித்தப்பாவோடு ஒரு மாதம் பேசவில்லை. வேண்டாம் என்றது மாமாதானே என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு மட்டும் அன்றைக்குச் சித்தப்பாவை நினைத்துச் சிரிப்பு வந்தது. மீசை வைத்த இரண்டு தடியர்கள் ஸ்ரீரங்கத்தில் தொலைந்துவிடுவார்கள் என்று இந்த மனுஷன் எதற்கு இப்படிப் பயப்படுகிறார்?