குக்கர் போகாத கிரேக்கத் தீவு

டிராவல்ஸ் வேலை என்பது, தான் பார்க்காத ஊரைப் போய்வந்தவள் குரலில் சொல்வது. பிளஸ் டூ முடிந்த லீவில், குன்னூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய என் மாமா ஆபீஸில் அதைத்தான் செய்தேன். யார் குரலிலும் பேசிக்காட்டுவது எனக்குப் பிறவி வியாதி. கவுன்டரில் சிரித்துச் சிரித்தே தாடை வலித்த சக தியாகிகளே, கேளுங்கள்.

நமக்கு ஏது சீசன்

பழனிசாமி அண்ணனும் கலாக்காவும் குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்துகிற தம்பதி. சமையல் அக்கா, உபசரிப்பு அண்ணன். பன்னிரண்டு வருஷமாக அக்கா அடுப்பை விட்டு ஒரு வாரம் நகர்ந்ததில்லை. "கிரேக்கத் தீவு, கடற்கரை ரிசார்ட், ஏழு நாள்" என்று ஆபீஸுக்கு வந்த இருவரிடமும் நான் விமானப் பணிப்பெண் குரலில் ஆரம்பித்ததுமே அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஊரே நம்மூருக்கு வருது, நாம எதுக்கு வெளிய போகோணும்?" என்றார் அண்ணன்.

"வர்றவங்கெல்லாம் லீவுக்கு வர்றாங்க. நான் லீவுக்கு எங்கீங்க போறது?" என்றார் அக்கா.

கைப்பட்டை

சாப்பாடு, ஜூஸ், நொறுக்குத்தீனி எல்லாம் பேக்கேஜிலேயே சேர்ந்தது, கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள், அதைக் காட்டினால் போதும் என்றேன். "பட்டை கட்டறாங்களா? ஏனம்மணி, ஊர் சுத்தவா, ஆஸ்பத்திரியில சேர்றதுக்கா?" என்றார் அண்ணன். கடைசியில் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: கரண்ட் குக்கரும் கூட வரும், தினமும் கொஞ்சம் ரசம் சாதம். அதை ஆக்குவது யார் என்று அவர் சொல்லவில்லை. அக்கா கையிலிருந்த ரிசார்ட் நோட்டீஸை நாலாக மடித்து மேஜையில் வைத்தார்.

"அப்ப நீங்களும் குக்கருமா போயிட்டு வாங்க."

மேனேஜர் பேசறேன்

ரூமில் சமைக்கக் கூடாது என்று ரிசார்ட் விதியிலேயே இருந்தது. படித்துச் சொன்னேன், அண்ணன் காதில் ஏறவில்லை. மறுநாள் வேறு நம்பரிலிருந்து அண்ணனுக்கு ரிசார்ட் மேனேஜராகப் போன் போட்டு, மூக்கால் ஒரு இங்கிலீஷ், தொண்டையால் ஒரு தமிழ்: "மிஸ்டர் பலனி, நோ குக்கர்! பெரிய தப்பு!" என் நடிப்பில் எனக்கே புல்லரித்தது. அண்ணன் நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க சார், உங்க தீவுலயும் கண்டக்டரு 'மேட்டுப்பாளையம், மேட்டுப்பாளையம்'னு கூப்படறாரே?"

மாமாவிடம் எனக்குக் கிடைத்ததை எழுதப்போவதில்லை. ஆனால் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, விதியை ஒருமுறை தானே படித்துப் பார்த்தார். குக்கர் குன்னூரிலேயே நின்றது.

ஒரு வீடியோ கால்

இருவரும் தீவுக்குப் போன மூன்றாம் நாள், அங்கே காலை, இங்கே மத்தியானம். அக்கா போனைச் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் திருப்பினார். அண்ணன் காபி ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, மேஜை மேஜையாய்ப் போய் வெள்ளைக்காரத் தாத்தாக்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். யூனிஃபார்ம் போட்ட ஒருவர் ஜாடியைக் கேட்டபடி பின்னாலேயே ஓடினார். போன் திரும்பியது. அக்கா குடைக்குக் கீழே சாய்வு நாற்காலியில், காலை நீட்டி. "அண்ணன் சாப்பிட்டாருங்களாக்கா?" என்றேன்.

"தெரியலியே அம்மணி. நான் கேக்கலை."

சக தியாகிகளே, இந்தத் தொழிலில் ஆளைக் கடல் தாண்டி அனுப்புவது அரை நாள் வேலை, போன இடத்தில் உட்கார வைப்பதற்குத்தான் இன்னும் யாரும் டிக்கெட் அடிக்கவில்லை.