குடோன் தரையில் இரண்டு வட்டங்கள்

1. அழகான அறிக்கை

ஏழுமலையை வேலையை விட்டு அனுப்பச் சொல்லும் அறிக்கையை டைப் செய்தவன் நான்தான். நடுவில் கார்பன் வைத்து ஐந்து காப்பி, ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குச் சுலபம்.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி ஒரு தனியார் குடோன். கப்பல் சரக்கை வாங்கி அடுக்கி, உரியவர்களுக்கு அனுப்பி வைப்பது எங்கள் தொழில். நான் அங்கே கிளார்க். இன்டர்மீடியட்டில் லாஜிக் ஒரு பாடமாகப் படித்திருந்தேன். தட்டுத்தடுமாறித்தான் பாஸ் செய்தேன். ஆனாலும் அந்த ஆபீசில் லாஜிக் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தலைக்கனத்துக்குக் குறைச்சல் இல்லை. விசாரணை அறிக்கை எழுதும் வேலையை சூப்பிரண்டு நாயுடு என் தலையில் கட்டியதற்கும் அதுதான் காரணம்.

அந்த வருஷ ஐப்பசி மழையில் குடோனின் மேற்குக் கூரை ஒழுகியது. அதற்குக் கீழே இருந்தவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரப்பட்டை மூட்டைகள். தோல் பதனிடுவதற்காக மாதவரம் பக்கம் போகும் சரக்கு. நனைந்த மூட்டைகளில் மூன்றை யாரோ அறுத்து, பட்டையை அள்ளிப் போய்விட்டார்கள். காய்ந்த பட்டையைத் தொட்டால் தூசிதான் ஒட்டும். நனைந்த பட்டையை அள்ளினால் கை பழுப்பும் கறுப்புமாகிவிடும். எந்தச் சோப்புக்கும் நாலைந்து நாளைக்கு மசியாது.

மறுநாள் காலை நாயுடு ஆட்களை வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். ஒருவர் கையில் மட்டும் கறை இருந்தது. அவர்தான் ஏழுமலை. எட்டு வருஷமாக எங்களிடம் மூட்டை தூக்கியவர். மற்ற ஆட்கள் எல்லோரும் வியாசர்பாடி, புளியந்தோப்பு. ஏழுமலை மட்டும் பக்கத்து மீனவர் குப்பம். அப்போதெல்லாம் ஆட்களை நாங்கள் ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவோம், பத்து வயது மூத்தவராக இருந்தாலும். இப்போது ‘அவர்’ என்று எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

“வூட்டாண்ட வலைக்குச் சாயம் போட்டோம் சார்” என்றார். நான் அதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. ஆங்கிலத்தில் நான் எழுதிய அறிக்கை, தமிழில் இப்படி வரும்:

மூட்டையை அறுத்தவன் கையில் கறை இருக்கும். ஏழுமலை கையில் கறை இருக்கிறது. ஆகவே மூட்டையை அறுத்தவன் ஏழுமலை.

அந்த ‘ஆகவே’யை டைப் அடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் சாதாரணமல்ல. காலேஜில் கட்டிய பீஸ் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

2. கை பார்க்கப் போனது

அறிக்கையைத் தொழிலாளிக்குத் தமிழில் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். படித்தேன். ஏழுமலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வெக்க மாட்டேன் சார். கையில கறை கீது, அதனால திருடன்னு எய்திட்ட. எங்க குப்பத்துல வந்து பாரு. பொம்பளைங்க, கெய்வனுங்க, அல்லாரு கையும் இதே கலருதான். அவங்கல்லாம் உன் குடோனுக்கா வந்தாங்க?”

“அதுக்கெல்லாம் என்ன சாட்சி?”

“கைதான் சாட்சி. நீயும் கையப் பாத்துதானே எய்தின?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாப்பாட்டு வேளையில் குடையை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தேன். இரக்கப்பட்டுப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் புளுகுகிறார் என்று நிரூபிக்கத்தான் போனேன்.

மணலில் பெரிய இரும்பு டிரம்மில் மரப்பட்டை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து வலை பருத்தி நூல் வலை. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும். அதற்காக அடிக்கடி பட்டைச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். மழைக்குக் கடலுக்குப் போகாத நாட்களில் குப்பமே அந்த வேலையில் இருக்கும். ராயபுரத்திலேயே வேலை பார்த்த எனக்கு அது அன்றுவரை தெரியாது. வலையைப் பிழிந்துகொண்டிருந்த ஒவ்வொருவர் கையாக எண்ணினேன். இருபதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

ஏழுமலையின் மனைவி கன்னியம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னா சார், கையப் பாக்க வந்தியா? நல்லா பாத்துக்கோ. இந்தக் கையாலதான் சோறும் துன்றோம்.” முழங்கைவரை கறையாக இருந்த இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். “பத்து நாளா கட்டுமரம் எறங்கல. அவரு கூலியிலதான் எங்க வூட்லயும் எந்தம்பி வூட்லயும் அடுப்பு எரியுது. வேல கீதா, பூட்ச்சா? அத்த மட்டும் சொல்லு.”

தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். கல்மண்டபம் வந்து சேர்வதற்குள் லாஜிக் புத்தகத்தில் இருந்த வட்டங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. பரீட்சைக்கு அவற்றை உருப்போட்டேனே தவிர, வரைந்து பார்த்ததில்லை. அறிக்கை எழுதுவதற்கு முன்னால் வரைந்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

3. சாக்பீஸ்

நாயுடு முன்கோபி. என் வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் போய்ச் சொன்னேன். “சார், அறிக்கை தப்பு.”

“டைப்பிங்கா?”

“இல்லை சார். ‘ஆகவே’ தப்பு.”

அவருக்குப் புரியவில்லை. மூட்டைக்குக் குறி போடும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் அழைத்துப் போனேன். சிமெண்டுத் தரையில் நாலு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு பெரிய வட்டம் போட்டேன். “இது கையில் கறை உள்ளவர்கள்.” அதற்குள்ளேயே ஒரு சின்ன வட்டம். “இது மூட்டையை அறுத்தவர்கள். அறுத்தவன் கையில் கறை இருந்தே தீரும். அதனால் சின்ன வட்டம் முழுக்கப் பெரிய வட்டத்துக்குள் இருக்கிறது. சரிதானா சார்?”

“சரி.”

“ஏழுமலை கையில் கறை இருக்கிறது. அவன் எங்கே நிற்க வேண்டும்?”

கதவருகே நின்றிருந்த ஏழுமலையைக் கூப்பிட்டேன். அவர் பெரிய கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். சின்ன வட்டத்தைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். சொன்னேன். அதில் கால் படாமல் ஒதுங்கி நின்றுகொண்டார்.

“அவன் சின்னதுக்குள்ளயும் நிக்கலாமே?” என்றார் நாயுடு.

“நிற்கலாம் சார். ஆனால் நின்றே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கட்டாயம் இருந்தால்தான் ‘ஆகவே’ போடலாம். இவனை மாதிரி சின்ன வட்டத்துக்கு வெளியிலே நிற்கக்கூடியவர்கள் இருபது பேரை இப்போதுதான் குப்பத்தில் பார்த்துவிட்டு வருகிறேன்.”

நாயுடுவின் முகம் இறுகியே இருந்தது. இன்னொன்றும் வரைந்து காட்டினேன். நனைந்த மூட்டை எல்லாம் மேற்கு அடுக்கு. அறுபட்ட மூட்டை எல்லாம் நனைந்தவை. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். அறுபட்ட மூட்டையை மேற்கு அடுக்குக்கு வெளியே கொண்டுபோய் வைக்க எவ்வளவு முயன்றாலும் வழியில்லை. அங்கே ‘ஆகவே’ தாராளமாகப் போடலாம். நாயுடு மண்டியிட்டு, சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கி, தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். மடிப்புக் கலையாத வெள்ளை பேண்ட்டில் முழங்கால் இடம் மண்ணாகிவிட்டது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “அப்போ ஏழுமலை எடுக்கவில்லை என்று எழுதிவிடட்டுமா சார்?” என்றேன்.

நாயுடு நிமிர்ந்தார். “அது எந்த வட்டத்துலப்பா இருக்கு?”

நான் தரையைப் பார்த்தேன். எந்த வட்டத்திலும் இல்லை. ஏழுமலை சின்ன வட்டத்துக்கு வெளியே நின்றது அவராக நின்றது. என் கோடு அவரை அங்கே நிறுத்தவில்லை. காலையில் செய்த அதே தப்பை மத்தியானம் அவருக்குச் சாதகமாகச் செய்யப் பார்த்திருக்கிறேன். நாயுடு லாஜிக் படித்தவரில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவர்.

ஐந்து காப்பியையும் கிழித்துப் போட்டார். “கிடைத்த சாட்சியத்தைக் கொண்டு இன்னார் என்று சொல்ல இயலவில்லை” என்று புதிதாக டைப் அடிக்கச் சொன்னார். அடுத்த மாதமே என்னை நிரந்தரமாக்கவும் எழுதிவிட்டார். தன்னைத் திருத்தியவனிடம் கோபப்படாத மேலதிகாரி எனக்கு முதல் வேலையிலேயே கிடைத்தார். அதற்கு இன்றும் அவரை மனதாரக் கும்பிடுகிறேன். பட்டையை எடுத்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

4. ஏழுமலை சொன்னது

மறுநாள் வேலைக்கு வந்த ஏழுமலை நேராக என் மேஜைக்கு வந்தார். புது அறிக்கையைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

“திருடலன்னு எய்தலியா?”

“அதுக்கும் ஆதாரம் இல்லையே. யாருன்னு தெரியாதுன்னுதான் எழுத முடிஞ்சுது.” எனக்குச் சங்கடமாக இருந்தது. இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“போதும் சார். பொறந்ததுலேர்ந்து என்னப் பத்தி அல்லாருக்கும் அல்லாம் தெரியும். குப்பத்தான்னா இப்டித்தான்னு கேக்காமயே சொல்லுவானுங்க. தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீதான்” என்றார். தலைத்துணியை உதறிக் கட்டிக்கொண்டு மேற்கு அடுக்குப் பக்கம் போனார்.

முப்பது வருஷத்துக்கு மேல் விசாரணை அறிக்கை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் முதலில் பென்சிலால் வட்டம் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் ‘தெரியவில்லை’ என்றுதான் முடிந்தன. அப்படி எழுதியதற்காக எந்த மேலதிகாரியும் என்னைப் பாராட்டியதில்லை. ஏழுமலை அன்றே பாராட்டிவிட்டார்.